பட்டா கை மாறிய பிறகு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வேங்கிக்காலில் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசல் நிறைந்துவிடும். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செங்கம், தண்டராம்பட்டு என்று மாவட்டத்தின் நாலா மூலையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். போலீஸார் கட்டைப்பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியரகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டதிலிருந்து தமிழ்நாடு முழுக்க இந்தச் சோதனை கடுமையாகிவிட்டது. கிழவிகள் கொண்டுவரும் தண்ணீர் பாட்டிலையும் முகர்ந்து பார்க்கிறார்கள்.

மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியவை: பட்டா மாற்றம், பொதுவழி ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுப் பாதை, நின்றுபோன உதவித்தொகை. இவற்றுக்கு நடுவே தவறாமல் தலைகாட்டும் ஒரு வகை மனு உண்டு. மனுதாரருக்கு அறுபது, எழுபது, சில சமயம் எண்பது வயது. எதிர்மனுதாரர் அவர் பெற்ற பிள்ளை. நிலத்தையோ வீட்டையோ தான செட்டில்மென்டாக எழுதி வாங்கிக்கொண்டான், இப்போது சோறு போடுவதில்லை, எழுதியதை ரத்து செய்து திருப்பித் தர வேண்டும் என்பது கோரிக்கை. 2018-இல் திருவண்ணாமலை ஆட்சியராக இருந்த கே. எஸ். கந்தசாமி இப்படி வந்த ஒரு முதிய தம்பதியின் மனுவை விசாரித்து, மகன்கள் பெயருக்குப் போயிருந்த நிலத்தை மீட்டுப் பெற்றோரிடமே ஒப்படைத்தார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன. படித்தவர்கள் வழக்கம்போல் காலம் கெட்டுப்போனதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள்.

காலத்தைத் திட்டிவிட்டால் கேள்வி கேட்கும் வேலை மிச்சம். பிள்ளை ஏன் சோறு போடவில்லை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பெற்றவர்கள் ஏன் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தார்கள்? அவர்களுடைய அப்பாவும் தாத்தாவும் அப்படிச் செய்ததாகத் தெரியவில்லையே. கிழவர் கண்ணை மூடிய பிறகுதானே பங்கு பிரிக்கிற பேச்சே எழும்? இந்த இரண்டு தலைமுறை இடைவெளியில் நடந்ததைப் பார்க்க வேங்கிக்காலை விடப் பொருத்தமான ஊர் இந்த மாவட்டத்தில் இருக்காது.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே போனால் நகரம் எங்கே முடிந்து வேங்கிக்கால் எங்கே தொடங்குகிறது என்று இன்று சொல்வது கஷ்டம். முன்பு ஏரிக்கரை தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். வற்றாத ஆறு என்று ஒன்று வாய்க்காத பழைய வட ஆர்க்காட்டுச் சீமையில் பாசனம் என்றாலே ஏரிதான்; திருவண்ணாமலை மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் ஏறக்குறைய எழுநூறு ஏரிகள். ஏரிக்குக் கீழே கழனி, மேட்டுப்பாங்கில் கொல்லை. கழனியில் நெல், கொல்லையில் கம்பும் கேழ்வரகும், பிற்பாடு மல்லாட்டையும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி கோடி போய்விட்டால் ஒரு போகம் உறுதி என்று தூங்கப் போவார்கள்.

அந்த விவசாயத்தில் நிலம் வைத்திருப்பது பாதிதான். தண்ணீர் முறை தெரிந்திருப்பது மீதி. மதகை எப்போது திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாழிகை, யார் கழனி வழியாக யார் கழனிக்கு வாய்க்கால், தண்ணீர் குறைந்த வருஷம் எந்தப் பகுதியைத் தரிசாகப் போடுவது, இதையெல்லாம் நீர்கட்டியும் ஊர்ப் பெரியவர்களும் மண்டையில் வைத்திருந்தார்கள். எல்லைக் கல் புதைந்துபோனால் அது இருந்த இடத்தைக் கிழவர் கால் விரலால் காட்டுவார். கவலை ஓட்டுகிற மாட்டைத் தரம் பார்ப்பதும், விதை மல்லாட்டையை எப்போது உடைப்பது என்பதும், எந்த மண்டிக்காரரிடம் முன்பணம் கேட்கலாம் என்பதும் அவர் கையில்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற மகனும் திருவிழாச் செலவுக்கு அப்பாவிடம் வந்து நிற்பான். அவர் நிலத்தைக் கொடுக்காமல் வைத்திருந்ததோடு, கொடுத்தாலும் மகனால் தனியே பயிர் வைத்துவிட முடியாத நிலையும் இருந்தது. கிழவருக்குச் சோறு வந்ததில் இதற்கும் பங்குண்டு.

இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். அந்த அதிகாரம் நிலமுள்ள சாதிகளின் ஆண் கிழவர்களுக்கு மட்டுமே வாய்த்தது. கணவனை இழந்தவளுக்கு மூத்த மருமகளின் முகம் பார்த்துத்தான் சாப்பாடு. கழனியில் நாற்று நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் பெரும்பாலும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. முதுமையில் அவர்களுக்குக் கைகால் ஓடுகிற வரை கூலி. அதற்கப்புறம் யார் வீட்டுக் கஞ்சி என்பது அவரவர் அதிர்ஷ்டம். எழுதிக் கொடுத்த நிலத்தைத் திருப்பிக் கேட்கும் மனுவே ஒரு வகையில் நிலமுள்ளவரின் மனுதான்.

இந்தச் சீமையைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்கு ஒரு வசதி. 1970-களின் தொடக்கத்தில் பசுமைப் புரட்சி என்ன செய்கிறது என்று பார்க்கக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த குழு வட ஆர்க்காட்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தது, பி. எச். ஃபார்மர் பதிப்பித்த அந்த ஆய்வு 1977-இல் நூலாக வந்தது. அந்தக் குழுவில் இருந்த பார்பரா ஹாரிஸ்-வைட் ஆரணியையும் சுற்றுப்புறத்தையும் விடாமல் நாற்பது ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தார். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு இன்னும் பழைய கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் அது ஒன்று. 2008 வரை வெவ்வேறு கைகளில் மறு ஆய்வு நடந்தது. ஒரே ஊரைத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கவனித்த ஆவணம் உலகத்தில் அதிகம் கிடையாது. நம் பல்கலைக்கழகங்களில் அதைப் பாடமாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு வருத்தம்.

இவை காட்டும் திசை ஏறக்குறைய ஒன்று. கிணறும் மின் மோட்டாரும் வந்தன. ஏரியின் பிடி தளர்ந்தது. ஊர் கூடி முடிவெடுத்த தண்ணீர் ஒவ்வொருவரும் சுவிட்சைத் தட்டி எடுக்கிற தண்ணீரானது. 1990-இல் விவசாய மின்சாரம் முழுக்க இலவசமானபோது ஆழ்துளைக் கிணறு போடப் பணம் புரட்டக்கூடியவனே விவசாயி என்றாகிவிட்டது. கூடவே விவசாயத்துக்கு வெளியே வேலைகள் பெருகின. இருவேல்பட்டில் ஒரு காலத்தில் ஊரையே கையில் வைத்திருந்த பெருநிலக்காரக் குடும்பத்தின் செல்வாக்கு கரைந்தது. தலித் குடும்பங்கள் பண்ணை வேலையை நம்பியிருந்த நிலை மாறியது. வீட்டுக்குள்ளும் அதே கதைதான். கடன் விண்ணப்பம், சொட்டுநீர் மானியம், நெல் கொள்முதல் நிலையத்து ஆன்லைன் பதிவு எல்லாம் மகனுக்குத்தான் தெரியும். கிழவரின் ஞானத்தில் கால் விரலால் எல்லைக் கல் காட்டுகிற பகுதியை ஜி.பி.எஸ். கருவி எடுத்துக்கொண்டது.

வேங்கிக்காலில் இதற்கு மேல் ஒரு அடி விழுந்தது. 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் உண்டாக்கினார்கள். ஆட்சியரகம் வேங்கிக்காலுக்கு வந்தது. ஆட்சியரகம் வந்தால் பின்னாலேயே மாவட்டத் தலைமை அலுவலகங்கள், அவற்றில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்கு வீடு, வீட்டுக்கு மனை. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் பௌர்ணமி கிரிவலம் உள்ளூர் பக்தி என்ற நிலையிலிருந்து லட்சக்கணக்கில் கூடுகிற மாத விழாவாக வளர்ந்தது. பதினான்கு கிலோமீட்டர் நடக்க வருகிறவர்கள் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், வண்டியை நிறுத்த வேண்டும். சாலையோரக் கழனிகளில் கல் நட்டார்கள், கலர் கொடி கட்டினார்கள். 2024 ஆகஸ்டில் திருவண்ணாமலை மாநகராட்சியானபோது நிலத்தின் மதிப்புக்கு இன்னொரு படி கூடியது. ஏரி மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. அது கோடி போகிற வருஷத்தில் தண்ணீர் வேலூர் சாலையிலும் வீட்டு வாசல்களிலும் நிற்கிறது. புதிதாக வந்தவர்கள் அதை வெள்ளம் என்கிறார்கள்.

கழனியைப் பார்த்துக்கொள்ள அப்பா வேண்டும். மனைக்கு அவர் தேவையில்லை. அவருடைய கையெழுத்து போதும். முதல் தலைமுறையில் உழைப்பும் அறிவும் கடனும் சேர்ந்த ஒரு தொழிலாக இருந்தது, இரண்டாவது தலைமுறையில் சென்ட் கணக்கில் விலை போகும் சரக்கானது. தொழிலைக் கைமாற்ற இருபது வருஷம் ஆகும். சரக்கு அரை மணி நேரத்தில் கை மாறிவிடும்.

அந்த அரை மணி நேரத்தைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். இடம் சார்பதிவாளர் அலுவலகம். ஆவண எழுத்தர் முன்னாலேயே அடித்துவைத்த பத்திரத்தில் காரணம் என்ற இடத்தில் ‘அன்பு, பாசம்’ என்று இருக்கும். கிழவர் கேமராவைப் பார்த்து உட்கார வேண்டும், பெருவிரலைக் கருவியில் வைக்க வேண்டும். மண்ணில் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி ஏற்றுக்கொள்ளும் வரை மகன் அந்த விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பான். சம்மதத்தோடுதான் கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். சம்மதம்தான். வேறு என்ன சொல்வார்? பிறகு வாசித்துக்கூடப் பார்க்காத அந்தத் தாளின்படி, அன்று முதல் சர்வ சுதந்திரத்தோடு சொத்தை ஆண்டு அனுபவிக்கும் உரிமை மகனுக்குப் போய்விடுகிறது. தமக்கு மாதம் எவ்வளவு, எந்த அறை, யார் மருந்து வாங்குவது என்று ஒரு வரியும் இருக்காது. அதைக் கேட்பது பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவதாகும் என்பது கிழவரின் எண்ணம். ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டு மீதியை எழுத வழியுண்டு என்று நல்ல ஆவண எழுத்தர் சொல்லத்தான் செய்வார். பக்கத்தில் நிற்கிற மகனின் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்வதில் அவருக்கும் சங்கடம்.

ஏன் உயில் எழுதக்கூடாது? உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், இறந்த பிறகுதான் அது உயிர் பெறும். அதனால்தான் பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை. கிரயப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தலா ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகும் தீர்வை 40,000 ரூபாய்க்கும் கட்டணம் 10,000 ரூபாய்க்கும் மேல் போகாது. நிலம் விலை ஏற ஏற இந்த வழி மலிவாகத் தெரிகிறது. வங்கிக் கடனுக்கும் வீடு கட்டும் அனுமதிக்கும் பெயரில் பட்டா இருந்தால்தான் நடக்கும் என்று மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

யாரும் வெளிப்படையாகச் சொல்லாத காரணம் இன்னொன்று: மகள். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை தந்தது. அப்போதே திருமணமாகியிருந்த பெண்களை மட்டும் விலக்கியது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்த விலக்கையும் எடுத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம், 2005 திருத்தம் வந்த தேதியில் தகப்பன் உயிரோடு இருந்தானா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்றது. மகளுக்குப் பங்கு உண்டு என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான், அப்பா இருக்கும்போதே சுயசம்பாத்தியச் சொத்தை மகன் பேருக்கு எழுதிவிடச் சொல்லி அவசரம் பிறந்தது. நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, இனிமேல் அவளுக்கு என்ன என்பார்கள். பிற்பாடு சோறு இல்லாமல் போகும்போது கிழவி கிளம்பிப் போவது பெரும்பாலும் அந்த மகள் வீட்டுக்குத்தான். மனு எழுதக் கூட்டி வருகிறவளும் அவளே. அண்ணன்காரன் அப்போது சொல்வான்: சொத்துக்கு ஆசைப்பட்டுத் தூண்டிவிடுகிறாள். சில இடங்களில் அதுவும் பொய்யில்லை.

பிள்ளைக் கடமை என்றதும் திருவண்ணாமலையில் எவருக்கும் நினைவுக்கு வருவது வல்லாள மகாராஜன் கதை. ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன் துவாரசமுத்திரம் சூறையாடப்பட்ட பிறகு 1328 வாக்கில் திருவண்ணாமலையிலிருந்து ஆண்டான். ஏறக்குறைய எண்பது வயதில் மதுரை சுல்தானோடு போரிட்டுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் உரித்த தோல் மதுரை மதிலில் தொங்கியதை இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார். இது வரலாறு. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் அவன் பிள்ளையில்லாத பக்தன். சிவனே குழந்தையாகத் தோன்றி மறைந்து, மகனாக இருந்து இறுதிக்கடன் செய்வதாக வாக்குக் கொடுக்கிறான். கோயில் அந்த வாக்கை இன்றும் காப்பாற்றுகிறது. தைப்பூசத்தன்று ஈசானிய குளத்தில் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியில் வல்லாளன் இறந்த செய்தி சொல்லப்படும். அண்ணாமலையார் மேளதாளம் இல்லாமல் கோயில் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் ஆற்றங்கரைக்குப் போய்த் திதி கொடுப்பார். அது முடிந்த பின்னர்தான் மகுடாபிஷேகம். வாரிசு முடி சூடுகிறார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கடன் தீர்த்த பிறகு மகுடம். சார்பதிவாளர் அலுவலகத்தில் மகுடத்தை முதலில் வைத்துவிடுகிறோம். கடனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்புகிறோம்.

வரலாற்றில் ஒரு சின்னக் குத்தல் இருக்கிறது. வல்லாளனுக்கு உண்மையில் மகன் இருந்தான். அப்பன் இறந்ததும் நான்காம் வல்லாளன் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தான்; நிலைக்கவில்லை. ஊர் நினைவு அவனைத் துடைத்துவிட்டுத் தெய்வத்தைப் பிள்ளையாக்கிக்கொண்டது. ஏன் என்று சாசனங்கள் சொல்வதில்லை. பெற்ற பிள்ளையைவிட நம்பகமான ஒருவனிடம் திதியை ஒப்படைக்க விரும்பிய மனம் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது என்பது என் ஊகம்.

சட்டம் தாமதமாக வந்தது. 2007-இல் நிறைவேறிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். பராமரிப்புத் தொகையாக மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை உத்தரவிடலாம். வக்கீல் தேவையில்லை, தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. உயிர்நாடி 23-ஆம் பிரிவு: அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, வாங்கியவர் அப்படிப் பார்த்துக்கொள்ளாவிட்டால் மோசடியாகப் பெற்றதாகக் கருதி ரத்து செய்யலாம். சார்பதிவாளரிடம் போய் ஒருதலையாக ரத்துப் பத்திரம் பதிய முடியாது என்பதால் இந்தப் பிரிவுதான் கிழவர்களுக்கு நேரான வாசல்.

சிக்கல் ‘நிபந்தனையோடு’ என்பதில் இருந்தது. பத்திரத்தில்தான் அன்பு, பாசம் என்பதைத் தவிர ஒன்றும் எழுதவில்லையே? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததை நிரூபித்தாக வேண்டும் என்றது. பல மனுக்கள் அதில் விழுந்தன. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. இரண்டு மாதம் கழித்து சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் இன்னும் தெளிவாகப் போனது: அன்பும் பாசமும் காரணமாகக் கொடுப்பதிலேயே கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனை உள்ளுறைந்திருக்கிறது, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டியதில்லை. கிழவர் கேட்கக் கூச்சப்பட்ட வரியை நீதிமன்றம் தானாகச் சேர்த்து வாசித்தது என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் மகிழ்ச்சிதான், ஒரு பயமும் உண்டு. அப்பா எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிவிடலாம் என்றால், அந்த நிலத்தின்மேல் கடன் வாங்கி வீடு கட்டி ஒழுங்காகச் சோறும் போட்டுக்கொண்டிருக்கிற மகன் என்ன செய்வான்? அண்ணன் தம்பிச் சண்டையில் கிழவரை ஆயுதமாக்க இது நல்ல வழியாகிவிடும்.

உத்தரவு நிலத்தைத் திருப்பித் தரும். அதே வீட்டில், அதே வாசல் வழியாகப் போய் வருகிற மருமகளோடு பேச்சுவார்த்தையை அது திருப்பித் தராது. பத்திரம் கையில் வந்தும் தனி அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடும் கிழவிகள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு வீடு என்று மகன்கள் முறை வைத்துப் பெற்றோருக்குச் சோறு போடும் பழைய ஏற்பாட்டில், முப்பத்தோராம் தேதி யார் கணக்கு என்று சண்டை வரும். அந்தச் சண்டைக்கு எந்தப் பிரிவும் கிடையாது.

மருமகளின் பக்கத்தையும் கேட்க வேண்டும். மனுவில் ‘மகன் கவனிப்பதில்லை’ என்றுதான் எழுதுவார்கள். கவனிப்பது என்றால் சமைப்பது, துவைப்பது, படுக்கையில் விழுந்தவரைக் கழுவிவிடுவது. செய்ய வேண்டியவள் அவள். சொத்து மகன் பேருக்கு வந்தது, வேலை அவள் தலையில் வந்தது. அவளும் காலையில் வேலைக்குப் பஸ் ஏறுகிறவள். வீட்டை விட்டு மருமகளை வெளியேற்ற இந்தச் சட்டத்தையே கருவியாக்கிய வழக்குகளும் உண்டு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் தரும் வசிக்கும் உரிமையை அப்படித் தட்டிவிட முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

முதியவர் என்றாலே சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் என்ற படமும் தப்பு. 1990-களிலிருந்து தமிழ்நாட்டு ஏழை முதியோரை ஆராய்ந்துவரும் மானுடவியலாளர் பென்னி வெரா-சான்சோ திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: வறிய வீடுகளில் கிழவர்கள் தாங்களும் உழைத்து, பிள்ளைகளின் குடும்பத்தையும் தாங்குகிறார்கள். நூறு நாள் வேலையில் ஏரி வரத்துக்கால்வாய் தூர்வாரும் கூட்டத்தைப் பார்த்தால் நம்பலாம். நரைத்த தலைகள்தான் அதிகம். பேரப்பிள்ளையை வளர்த்துக் கொடுக்கும் பாட்டி இல்லையென்றால் எத்தனை மருமகள்கள் வேலைக்குப் போயிருக்க முடியும்? எழுதிக் கொடுக்க நிலமில்லாதவர்களுக்கு 23-ஆம் பிரிவு ஒன்றும் செய்யாது. அவர்களுக்கு இருப்பது உதவித்தொகை: 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023-இல் 1,200 ஆனது. தொகை சிறியது. ஆனால் மாதாமாதம் கிழவியின் பேரில் வருகிறது. யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அது வரும் நாளில் பேரன் பாட்டியைத் தேடி வருகிறான் என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

எண்களும் இந்தப் பக்கமே சாய்கின்றன. தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 2011-இல் நூற்றுக்குப் பத்து சொச்சம். 2021-க்கான மதிப்பீட்டில் 13.6. கேரளத்துக்கு அடுத்த இடம். ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. நாலு மகன்கள் முறை வைத்துச் சோறு போட்ட ஏற்பாட்டுக்கு இனி ஆளே இல்லை. ஒரு பிள்ளை, அதுவும் பெங்களூரிலோ சென்னையிலோ.

துறவிகளின் ஊர் என்ற பெயருக்குக்கூட இந்தக் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. பதினாறு வயதில் வீட்டை விட்டு 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து இறங்கிய ரமணரைத் தேடி அவர் தாய் அழகம்மாள் 1916-இல் வந்து தங்கிவிட்டார். மலையில் மகனோடு வாழ்ந்து 1922-இல் மறைந்தார். கடைசி நாளில் மகன் கூடவே இருந்தார். அம்மாவைப் புதைத்த இடத்தில்தான் ஆசிரமம் எழுந்தது. உடைமை எதுவும் வேண்டாமென்று வந்தவரை 1930-களில் ஆசிரம நிர்வாக உரிமைச் சண்டை நீதிமன்றம் வரை இழுத்தது. 1938-இல் அவர் பெயரில் ஒரு உயில் பதிவானது. நிர்வாகம் தம்பிக்கும், அவருக்குப் பின் தம்பியின் வாரிசுகளுக்கும் என்று ஏற்பாடு. பத்திரமில்லாமல் பற்றறுக்கவும் முடியவில்லை.

வேங்கிக்காலுக்குத் திரும்பினால், 1990-களில் அந்தக் கழனி மனைகளை வாங்கி வீடு கட்டிய அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இப்போது அதே தெருக்களில் கிழவர்களாகிவிட்டார்கள். மனையை விற்றவரின் கிழப்பருவத்துக்கும் வாங்கியவரின் கிழப்பருவத்துக்கும் பெரிய வித்தியாசம். இவர்களுக்கு ஓய்வூதியம் வருகிறது. அதைத் தான செட்டில்மென்ட் போட முடியாது, உயிர் உள்ளவரைதான் வரும். அப்பா நீண்ட நாள் இருப்பதில் குடும்பத்துக்கு வருமானம் இருக்கிறது. பென்ஷன் வாங்குகிற கிழவருக்கு வீட்டில் காபி நேரத்துக்கு வந்துவிடுகிறது என்றால் அதில் கொஞ்சம் கணக்கும் கலந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அவர்களில் முதலில் சேர்ந்த அணி ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களும் இதே சாலையோரம் மனை வாங்கி, கடன் வாங்கி, மாடியோடு வீடு கட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடக்கூடிய ஒரே சொத்து அந்த வீடு. விவரமானவர்கள் மாடியைத் தனி வாசல், தனி மீட்டர் வைத்துக் கட்டுகிறார்கள். மகனுக்குத்தானே என்று கேட்டால், அவன் வந்தால் கீழே இருந்துகொள்ளட்டும், மாடி வாடகை என் பேரில் என் கணக்குக்கு வரணும் என்கிறார்கள்.